இரண்டு அளவுகளுக்கு நடுவே: இரத்தக் குழாய்ச் சுவரின் அமைப்பும் மீள்தன்மையும்

சென்னையில் காலை நடைக்கு வருகிறவர்களிடையே, மருந்துக் கடை வாசலில், அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில் என்று அறுபதைத் தாண்டியவர்கள் நான்கு பேர் சேரும் இடங்களிலெல்லாம் இரத்த அழுத்தம் பற்றிய பேச்சு ஒருமுறையாவது தலைகாட்டிவிடும். அப்பேச்சில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “கீழ் அளவு நார்மல்தான் சார், மேல் அளவுதான் கொஞ்சம் கூட இருக்கு.” வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே ஒருவருக்கு உரிய மேல் அளவு என்ற பழைய கணக்கும் கூடவே ஆறுதலாகச் சொல்லப்படும். எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு 165-க்கு 70 என்று வந்தால், இவ்விரண்டு வாதங்களையும் சேர்த்து அவர் நலமாக இருப்பதாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் மேலே 165 என்று உயர்ந்திருப்பதும் கீழே 70 என்று தாழ்ந்திருப்பதும் ஒரே செய்தியின் இரு பாதிகளாக இருக்கக்கூடும். இடையிலுள்ள 95 என்ற இடைவெளி, இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் முதன்மைக் குழாயான அவருடைய பெருந்தமனியின் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுகிறது. அதைப் புரிந்துகொள்ள, இரத்தக் குழாய்கள் எதனால் ஆனவை, எப்படி விரிகின்றன, விரிந்தபின் எதனால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதயம் இடைவிடாமல் இரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதில்லை. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இடது கீழறை ஒவ்வொரு சுருக்கத்திலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் செலுத்துகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். ஆனால் ஒரு துடிப்புக்கு ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இரத்தம் வெளியேறுகிறது. மீதி நேரம் முழுவதும் வால்வு மூடியிருக்க, இதயம் தளர்ந்து அடுத்த சுருக்கத்துக்காக நிரம்பிக்கொண்டிருக்கிறது. பெருந்தமனி வளையாத, விரியாத குழாயாக இருந்திருந்தால், தெருமுனை அடிபம்பின் கைப்பிடியை அழுத்தும்போது மட்டும் நீர் கொட்டி, உயர்த்தும்போது நின்றுபோவதைப் போலவே உடலெங்கும் இரத்தம் பாய்ந்து பாய்ந்து நின்றிருக்கும். அப்படி நிகழ்வதில்லை. விரல் நுனியிலும் மூளையிலும் உள்ள, தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய குழாய்களை இரத்தம் அடையும்போது அதன் ஓட்டம் பெரும்பாலும் சீராகிவிட்டிருக்கிறது. இடையில் அதைச் சீராக்குவது பெருந்தமனியும் அதன் முதல் கிளைகளும்தான். இதயம் சுருங்கும்போது அவை விரிந்து, வந்த இரத்தத்தில் ஏறத்தாழ பாதியைத் தமக்குள் தேக்கிக்கொள்கின்றன. இதயம் தளரும்போது, விரிந்த சுவர் மீண்டு, தேக்கிய இரத்தத்தை முன்னோக்கித் தள்ளுகிறது.

இதை முதலில் எழுத்தில் வைத்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். குதிரை ஒன்றின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் இரத்தம் எட்டு அடிக்கும் மேலாக உயர்ந்ததைக் கண்டு, இரத்த அழுத்தத்தை முதன்முதலாக அளந்தவரும் அவரே. 1733-இல் வெளியிட்ட நூலில், அக்காலத் தீயணைப்புப் பொறிகளில் விட்டுவிட்டு அடிக்கப்படும் நீரைத் தொடர் தாரையாக மாற்றிய காற்றறையின் வேலையைத் தமனிகள் உடலில் செய்வதாக அவர் விளக்கினார். 1899-இல் ஜெர்மானிய உடலியலாளர் ஓட்டோ ஃபிராங்க் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்த மீட்சியால் அதிகம் பயன்பெறும் உறுப்பு இதயமே என்பது பலரும் கவனிக்காத செய்தி. இடது கீழறைத் தசை சுருங்கும்போது தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களையும் சேர்த்தே நெரித்துவிடுகிறது. ஆகவே அத்தசைக்கான இரத்தம் பெரும்பாலும் இதயம் தளர்ந்திருக்கும் வேளையில்தான் கிடைக்கிறது. அவ்வேளையில் அழுத்தம் தருவது பெருந்தமனியின் மீட்சி. இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு என்று நாம் குறித்துக்கொள்வது, இதயம் ஓய்ந்திருக்கும்போது தமனிகளில் மிஞ்சி நிற்கும் அழுத்தத்தின் அடிமட்டம். அது குறைய குறைய நல்லது என்று எண்ணுவது சரியன்று.

இனி சுவர். தந்துகிகள் நீங்கலாக எல்லா இரத்தக் குழாய்களின் சுவரும் மூன்று படலங்களால் ஆனது. இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்படலத்தில், எண்டோதீலியம் எனப்படும் ஒற்றை வரிசைச் செல்கள் தரை பாவியிருக்கின்றன. நடுப்படலத்தில் மென்தசைச் செல்களும் எலாஸ்டின், கொலாஜன் என்ற இரு புரத இழைகளும் உள்ளன. வெளிப்படலம் பெரும்பாலும் கொலாஜனால் ஆனது. குழாயைச் சுற்றியுள்ள திசுக்களோடு பிணைத்து நிறுத்துவதும், அளவு மீறி விரியாமல் தடுப்பதும் அதன் வேலை. பெரிய குழாய்களின் சுவர் மிகவும் தடிமனானது என்பதால், உள்ளே ஓடும் இரத்தத்திலிருந்து ஆக்சிஜன் அதன் வெளிப்பகுதி வரை ஊடுருவ முடிவதில்லை. அதனால் சுவருக்கு உணவூட்டவென்றே சிறு இரத்தக் குழாய்கள் வெளிப்புறத்திலிருந்து அதற்குள் நுழைகின்றன. இரத்தக் குழாய்க்கே இரத்தக் குழாய் தேவைப்படுகிறது!

பெருந்தமனியின் தனித்தன்மை அதன் நடுப்படலத்தில் இருக்கிறது. அங்கே எலாஸ்டின் தகடுகள் ஒன்றை ஒன்று சூழ்ந்த வளையங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரு தகடுகளுக்கு நடுவே மென்தசையும் கொலாஜனும் அமைந்திருக்கின்றன. மனிதரின் மார்புப் பகுதிப் பெருந்தமனியில் இத்தகைய அடுக்குகள் ஐம்பதுக்கும் மேல். சுண்டெலியில் ஐந்து அளவில்தான். விலங்கின் உடல் பெரிதாகிக் குழாயின் விட்டம் கூடக் கூட அடுக்குகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஆனால் ஓர் அடுக்கு தாங்கும் இழுவிசை பாலூட்டிகளில் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதை ஆய்வாளர்கள் ஹார்வி வொலின்ஸ்கியும் சீமோர் கிளாகோவும் 1967-இல் காட்டினர்.

எலாஸ்டினும் கொலாஜனும் எதிரெதிர் குணம் கொண்டவை. எலாஸ்டின் எளிதில் நீண்டு, விட்டவுடன் மீளக்கூடியது. கொலாஜன் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விறைப்பானது. நீட்ட முனைந்தால் எளிதில் இடம் கொடுக்காது. ஆனால் சாதாரண அழுத்தத்தில் சுவரிலுள்ள கொலாஜன் இழைகள் நெளிநெளியாகத் தளர்ந்து கிடப்பதால், குறைந்த அழுத்தத்தில் சுமை முழுவதும் எலாஸ்டின் மீதே விழுகிறது. குழாய் தாராளமாக விரிகிறது. அழுத்தம் ஏற ஏற, நெளிந்து கிடந்த கொலாஜன் இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து சுமையைத் தாங்கத் தொடங்குகின்றன. அதன்பின் குழாய் மேலும் விரிய மறுக்கிறது. கனமான பொருளைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் சில நொடிகளுக்கு வெகுவாக எகிறினாலும் பெருந்தமனி கிழியாமல் இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான். இதன் விளைவாக, இரத்தக் குழாயின் விறைப்பு என்பது ஒற்றை எண் ஆகாது. ஒரே தமனி 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நெகிழ்வாகவும் 180-இல் விறைப்பாகவும் இருக்கும். அழுத்தத்தைக் குறைத்தாலே விறைப்பின் ஒரு பகுதி உடனே குறைந்துவிடுவதற்கும், மிகு இரத்த அழுத்த மாத்திரைகள் தமனிச் சுவருக்கு நன்மை செய்வதற்கும் இது ஒரு காரணம்.

எலாஸ்டினின் பெரும் குறை, அது மறுபடி சரிவர உருவாவதில்லை என்பது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடல் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்கிறது. பிறகு உற்பத்தி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அப்புரதம் பல பத்தாண்டுகள் நிலைக்கக்கூடியது என்பதால் இது நெடுங்காலம் வெளியே தெரியாது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கணக்கிட்டால், எழுபது ஆண்டுகளில் பெருந்தமனி சுமார் 250 கோடி முறை விரிந்து மீள்கிறது. ஒவ்வொரு முறையும், இளமையில், அதன் விட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடிக் குறைகிறது. எந்தப் பொருளும் இத்தனை முறை வளைந்து நிமிர்ந்தால் களைத்துப்போகும். எலாஸ்டின் தகடுகளும் நுண்ணிய துண்டுகளாக முறிகின்றன. முறிந்த இடத்தை உடல் கொலாஜனால் நிரப்புகிறது. சில இடங்களில் சுண்ணமும் படிகிறது. இந்த இழைகளின் அமைப்பே பிறவியில் பழுதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மார்ஃபான் நோய் சான்று. எலாஸ்டினுக்குச் சட்டகமாக உள்ள ஃபைப்ரில்லின் என்ற புரதத்தின் மரபணுவில் கோளாறு ஏற்படுவதே அதன் காரணம் என்பது 1991-இல் தெளிவானது. அந்நோயாளிகளுக்கு இளம் வயதிலேயே பெருந்தமனி வீங்கிக் கிழியும் ஆபத்து உண்டு.

இதயத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல, தமனிகளில் எலாஸ்டினின் பங்கு குறைந்து மென்தசையின் பங்கு கூடுகிறது. கையிலும் காலிலும் உள்ள தமனிகள் இரத்தத்தைத் தேக்குவதைவிடப் பகிர்ந்தளிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டவை. அவற்றுக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரிவதும் அரிதான நுண்தமனிகள்தான் உடலின் உண்மையான மடைகள். ஒரு குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு, அழுத்தம் மாறாதிருந்தால், அக்குழாயின் ஆரத்தை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது என்று பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டறிந்தார். ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் பாதிக்கும் கீழே, சுமார் 41 விழுக்காட்டுக்கு, இறங்கிவிடும். உணவுக்குப்பின் குடலுக்கும், மாடிப்படி ஏறும்போது தொடைத் தசைக்கும், சித்திரை வெயிலில் தோலுக்கும் இரத்தம் திருப்பிவிடப்படுவது இந்த நுண்தமனிகளின் சிறு சுருக்க விரிவுகளால்தான்.

அச்சுருக்க விரிவுகளை ஆளும் சக்திகளில் ஒன்று, நெடுங்காலம் வெறும் உள்பூச்சாகக் கருதப்பட்ட எண்டோதீலியம். அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஆய்வு செய்தபோது, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சில துண்டுகளைத் தளரச் செய்வதையும் சிலவற்றைச் சுருங்கச் செய்வதையும் கண்டார். சுருங்கிய துண்டுகளில், தயாரிக்கும்போதே அந்த ஒற்றைச் செல் வரிசை தேய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. குழாயைத் தளர்த்தும் ஆணை அச்செல்களிடமிருந்தே வருகிறது என்று அவர் 1980-இல் அறிவித்தார். அந்தத் தூதுப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது பின்னர் உறுதியானது. 1998-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்காக அவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும்படி பல வீடுகளில் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரை, இதே நைட்ரிக் ஆக்சைடின் வழியாகத்தான் குழாய்களைத் தளர்த்துகிறது. புகைபிடித்தலும் கட்டுப்படாத சர்க்கரையும் முதலில் பழுதாக்குவதும் இந்தச் செல் வரிசையைத்தான்.

தந்துகிகளுக்கு நடுப்படலமும் இல்லை, வெளிப்படலமும் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான விட்டமுள்ள அக்குழாய்களில், சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பல இடங்களில் உடலை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைந்து போகின்றன. தமனியையும், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரையையும் இணைக்கும் இக்கண்ணியை, இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியால் 1628-இல் ஊகிக்கத்தான் முடிந்தது. 1661-இல் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலில் அதைக் கண்ணால் கண்டார். ஒற்றைச் செல் தடிமனே உள்ள சுவர் இரத்த அழுத்தத்தை எப்படித் தாங்குகிறது என்ற கேள்விக்கு இயற்பியல் விடை தருகிறது: சுவரில் எழும் இழுவிசை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. பெருந்தமனியின் விட்டம் 25 மில்லிமீட்டர், அழுத்தம் 100 என்றும், தந்துகியின் விட்டம் 8 மைக்ரோமீட்டர், அழுத்தம் 25 என்றும் கொண்டால், பெருந்தமனிச் சுவர் தாங்கும் இழுவிசை தந்துகிச் சுவர் தாங்குவதைப்போல் 12,500 மடங்கு. சிறியதாக இருப்பதே தந்துகியின் பாதுகாப்பு. இதே விதி பெரிய குழாய்களில் கொடுமையாகத் திரும்புகிறது. வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியில் ஓரிடம் பலவீனமாகி வீங்கினால், ஆரம் கூடியதாலேயே இழுவிசை கூடுகிறது. இழுவிசை கூடுவதால் வீக்கம் மேலும் பெரிதாகிறது. ஆண்களில் அவ்வீக்கம் 5.5 சென்டிமீட்டரை எட்டினால், வலி ஏதும் இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் பொதுவாகச் சிகிச்சையைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

சிரைகளின் நெகிழ்வு வேறு வகை. உடலின் இரத்தத்தில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் எந்த நேரத்திலும் சிரைகளில்தான் இருக்கிறது. ஒரே அளவு அழுத்த உயர்வுக்குச் சிரைத் தொகுதி ஏற்றுக்கொள்ளும் கூடுதல் இரத்தம், தமனித் தொகுதி ஏற்பதைப்போல் சுமார் 24 மடங்கு என்று உடலியல் நூல்கள் சொல்கின்றன. மெல்லிய சுவருள்ள சிரை, அழுத்தம் குறைவாக இருக்கும்போது தட்டையாகப் படிந்து கிடக்கிறது; சற்றே அழுத்தம் ஏறினால் வட்டமாக உருண்டு நிறைய இரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. நிறைந்தபின் தானாக மீண்டு தள்ளும் வலிமை அதற்குக் குறைவு. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டரை எட்டும். நடக்கத் தொடங்கினால், கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து மேலே அனுப்புவதால் அது 20, 25 அளவுக்கு இறங்கிவிடும். பிழியப்பட்ட இரத்தம் மீண்டும் கீழிறங்காமல் ஒருவழி வால்வுகள் தடுக்கின்றன. அவ்வால்வுகளை 1603-இல் நூலாக விவரித்தவர் இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபாப்ரீசியஸ்; அவை எதற்காக இருக்கின்றன என்பதைச் சரியாகச் சொன்னவர் அவருடைய மாணவரான ஹார்வி.

நடக்காமல் நிற்பதுதான் கேடு என்பதற்குத் தியாகராய நகரைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. அங்குள்ள துணிக்கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்த பெண்களும் ஆண்களும் கால் வீக்கத்தையும் நரம்புச் சுருட்டலையும் தொழிலின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சிரையின் சுவர் நாள்தோறும் பல மணி நேரம் விரிந்தே இருந்தால், வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் விலகிவிடுகின்றன. மேலிருக்கும் இரத்தத்தின் எடை முழுவதும் அடுத்த வால்வின் மீது இறங்க, அதுவும் தோற்கிறது. கேரளத்தைத் தொடர்ந்து, 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்யப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை தருவது கட்டாயமாக்கப்பட்டது. தொழிலாளர் உரிமை என்று பேசப்பட்ட அச்சட்டம், சிரையின் இயற்பியலுக்கும் நெருக்கமானது. இருக்கை போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தால் முகம் சுளிக்கும் கடைகளில் அதனால் பயன் இல்லை என்பது வேறு விஷயம்.

சிரையைத் தமனியின் இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதும் மருத்துவர்களுக்குத் தெரியும், ஏனெனில் பைபாஸ் அறுவையில் அதைத்தான் செய்கிறார்கள். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்த பைபாஸ், இந்நாட்டின் தொடக்ககால இதய அறுவைகளில் பேசப்படுவது. காலிலிருந்து எடுத்த சிரையை, வால்வுகள் தடையாகாதபடி தலைகீழாகத் திருப்பி, இதயத் தமனியின் அடைப்புக்கு அப்பால் இணைக்கிறார்கள். பத்துக்கும் குறைவான அழுத்தத்துக்குப் பழகிய மெல்லிய சுவர், திடீரென்று நூறு மில்லிமீட்டர் அழுத்தத்தைச் சந்திக்கிறது. அதைச் சமாளிக்கத் தடித்து, விறைத்து, தமனியைப்போல் ஆக முயல்கிறது. அந்த முயற்சியே நாளடைவில் உள்வழியைக் குறுக்கிவிடுவதால், சிரை ஒட்டுகளில் ஏறத்தாழ பாதி பத்தாண்டுகளில் அடைபட்டுப்போகின்றன. மார்பின் உட்புறத் தமனியைக் கொண்டு செய்யப்படும் ஒட்டுகளோ பத்தில் ஒன்பது அப்போதும் திறந்திருக்கின்றன.

மீண்டும் பெருந்தமனிக்கு வருவோம். அது விறைத்துப்போகும்போது என்ன மாறுகிறது? முதலாவதாக, இதயம் தள்ளும் 70 மில்லிலிட்டருக்கு இடம்கொடுத்து விரிய இயலாததால் சுருக்கத்தின்போது அழுத்தம் மேலே எகிறுகிறது. தேக்கி வைத்தது குறைவு என்பதால் தளர்வின்போது அழுத்தம் முன்பைவிடக் கீழே விழுகிறது. மேல் அளவு கூடுவதும் கீழ் அளவு குறைவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948 முதல் நடந்துவரும் ஆய்வில், மேல் அளவு வயதோடு ஏறிக்கொண்டே போக, கீழ் அளவு ஐம்பதுகளில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்குவது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது மாற்றம் நாடி அலை ஓடும் வேகம். மணிக்கட்டில் விரல் வைத்தால் உணர்வது, அந்தத் துடிப்பில் இதயத்திலிருந்து புறப்பட்ட இரத்தம் வந்து சேர்வதை அன்று; இரத்தம் பெருந்தமனியில் நொடிக்குச் சராசரியாகச் சில பத்துச் சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. விரலைத் தட்டுவது சுவரின் வழியே ஓடிவரும் அழுத்த அலை. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் நாடி பார்ப்பவரும், அவசரப் பிரிவில் நாடியை எண்ணும் செவிலியரும் தொடுவது இந்த அலையைத்தான். தாமஸ் யங் 1808-இல் இதன் வேகத்தைச் சுவரின் மீள்தன்மையோடு இணைத்துக் காட்டினார். பள்ளி இயற்பியலில் வரும் யங் குணகத்துக்குப் பெயர் தந்த அதே யங். சுவர் விறைக்க விறைக்க அலை விரைகிறது: இளைஞரின் பெருந்தமனியில் நொடிக்கு 5 மீட்டர் அளவில் இருப்பது, முதியவர்களில் 10 மீட்டரையும் தாண்டலாம். கழுத்துக்கும் தொடை இடுக்குக்கும் இடையே அளக்கும்போது நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் தமனி விறைத்துவிட்டதாகக் கொள்வது ஐரோப்பிய வல்லுநர்களின் வரம்பு. இந்த அலை கிளைகளில் மோதி எதிரொலியாகத் திரும்பவும் செய்கிறது. நெகிழ்ந்த குழாய்களில் அது மெதுவாகத் திரும்பி, இதயம் தளர்ந்திருக்கும்போது வந்து சேர்ந்து, இதயத் தசைக்கான ஓட்டத்துக்குக் கைகொடுக்கிறது. விறைத்த குழாய்களில் முந்திக்கொண்டு வந்து, இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் இதயத்தை எதிர்த்து நிற்கிறது. இதயச் சுவர் தடிப்பதற்கும், மூளை, சிறுநீரகம் போன்ற, அதிக ஓட்டத்தைக் குறைந்த தடையோடு வாங்கும் உறுப்புகளின் நுண்குழாய்கள் சேதமடைவதற்கும் வழி இதுவே.

இந்த விறைப்பையும் ‘அடைப்பு’ என்று பேசப்படுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொழுப்புப் படிவு உட்படலத்தில், அங்கங்கே திட்டுத்திட்டாக, வழியைக் குறுக்கும் நோய். விறைப்பு நடுப்படலத்தில், குழாயின் நீளம் முழுதும், வழியைக் குறுக்காமலேயே நிகழும் மாற்றம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கலாம். ஆனால் ஆஞ்சியோகிராமில் தெரிவது குழாயின் உள்வழி மட்டுமே என்பதால், “ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை” என்ற முடிவை வைத்துச் சுவர் நெகிழ்வாக இருக்கிறது என்று பொருள் கொள்ள முடியாது.

வயது ஒன்றே விறைப்புக்குக் காரணம் என்றால் பேச அதிகம் இருக்காது. நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை, கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துவிடுகிறது. நெளிந்து தளர்ந்திருக்க வேண்டிய இழைகள் இறுகிப்போகின்றன. இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 35.5 விழுக்காட்டினருக்கு மிகு இரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணக்கிட்டது. உப்பும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகக் கொள்ளச் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தட்டில் இருக்கும் நாளில் அந்த வரம்பைக் காப்பது கடினம். முறிந்த எலாஸ்டினைப் புதுப்பிக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆனால் வேக நடை போன்ற தொடர் உடற்பயிற்சியும் உப்புக் குறைப்பும் மென்தசையின் இறுக்கத்தையும் எண்டோதீலியத்தின் பழுதையும் ஓரளவு மாற்றக்கூடியவை.

வயதோடு நூறைக் கூட்டும் கணக்குக்கு 1991-லேயே தக்க பதில் வந்துவிட்டது. கீழ் அளவு 90-க்குள் இருந்து, மேல் அளவு மட்டும் 160-க்கு மேல் இருந்த, அறுபது வயது கடந்த 4,736 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மலிவான ஒரு சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையிலிருந்து தொடங்கிய சிகிச்சை, பக்கவாதத்தை 36 விழுக்காடு குறைத்தது. மேல் அளவு மட்டும் உயர்வது முதுமையின் இயல்பு, அதைத் தொட வேண்டாம் என்ற கருத்து அன்றே வலுவிழந்தது. நம் நடைபாதைப் பேச்சில்தான் இன்னும் நீடிக்கிறது.

அதேவேளையில், மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதிலும் சிக்கல் இருக்கிறது, அதுவும் சுவரிலிருந்தே வருகிறது. இரத்த அழுத்தம் குறைந்துவிட்டதை மூளைக்குத் தெரிவிக்கும் உணரிகள் கழுத்துத் தமனியின் சுவரிலும் பெருந்தமனி வளைவின் சுவரிலும் பதிந்திருக்கின்றன. அவை உணர்வது அழுத்தத்தை நேரடியாக அன்று, சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை. சுவர் விறைத்துப்போனால் அவ்வுணரிகளும் மந்தமாகின்றன. படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது சுமார் அரை லிட்டர் இரத்தம் காலிலும் வயிற்றிலும் உள்ள சிரைகளுக்கு இறங்குகிறது. இளைஞருக்கு அது சில நொடிகளில் ஈடுகட்டப்படும், விறைத்த தமனியுள்ள முதியவருக்கு ஈடுகட்டத் தாமதமாகித் தலை சுற்றும். தோலின் குழாய்களெல்லாம் விரிந்து, வியர்வையால் உடல் நீரும் குறைந்திருக்கும் சென்னையின் மே மாதத்தில், எழுந்தவுடன் தடுமாறி விழும் முதியவர்களில் சிலருக்கேனும் காரணம் இதுவே.

ஆகவே முதியவர்களுக்கு உட்கார்ந்த நிலையில் எடுக்கும் ஓர் அளவீடு போதாது. வேக நடை முடிந்த கையோடு, கடற்கரையில் இரத்த அழுத்தம் பார்க்கப் போடப்பட்டிருக்கும் மேசையருகே நின்றுகொண்டே எடுக்கும் அளவுக்கு அதைவிடவும் மதிப்பு குறைவு. ஐந்து நிமிடம் அமைதியாக, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் தாங்கலாக வைத்து எடுத்தபின், எழுந்து நின்ற ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அளக்கும்போது நின்ற நிலையிலும் ஒருமுறை எடுக்கும்படி கேட்கலாம். கருவி அதேதான், கூடுதலாக ஆவது சில நிமிடங்கள். குறிப்பேட்டில் இரு எண்களையும் எழுதியபின் மேலதிலிருந்து கீழதைக் கழித்து வருவதையும் பக்கத்திலேயே குறித்துவைக்கலாம். முதியவர்களில் அந்த வித்தியாசம் 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, பெருந்தமனி விறைத்திருப்பதன் அடையாளமாக அதைக் கருதும்படி 2013-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி கூறுகிறது.